எனக்குத் திறக்கிறது

அருணகிரிக்குத் திறந்தது. கம்ப்யூட்டரில் பக்கத்தை மூடிவிட்டு மறுபடி திறந்தார், அப்போதும் திறந்தது. முகவரிக்கு இடப்பக்கம் அந்தச் சின்னப் பூட்டுப் படம் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கீழே மனைவி பிரேமாவதி பதிவு செய்துவைத்த பாடங்கள் எப்போதும் இருக்கிற வரிசையில் இருந்தன. இந்திய வரலாறு எண்பத்து நான்கு, தமிழக வரலாறு அறுபத்தொன்று, அரசியலமைப்பு ஐம்பத்து மூன்று. ஒவ்வொன்றுக்கும் எதிரே தொட்டால் ஒலிக்கிற ஒரு முக்கோணம். முக்கோணத்தை அவர் தொடுவதில்லை. பக்கம் வருகிறதா, பூட்டு இருக்கிறதா, இவ்வளவுதான் தன் வேலை என்று இரண்டு வருஷமாக வைத்திருந்தார். பக்கம் வந்திருக்கிறது, பூட்டும் இருக்கிறது, பிறகு ஏன் அந்தப் பெண் காலையிலிருந்து மூன்று தடவை கூப்பிட்டுத் திறக்கவில்லை என்கிறாள். வத்தலக்குண்டிலிருந்து பேசுகிறவள், ஜெனிட்டா என்று பேர், முகம் பார்த்ததில்லை. அவளாலும் இவர் முகத்தைப் பார்க்க முடியாது, பிறவியிலேயே பார்வை கிடையாது. போன் திரையில் இருப்பதை ஒரு குரல் படித்துச் சொல்லும், அதைக் கேட்டுத்தான் அவளும் அவளைப் போன்ற நாற்பத்து மூன்று பேரும் பிரேமாவதியின் பாடங்களுக்கு வந்து சேர்கிறார்கள். மணி இரண்டரை. மூன்றாவது தடவை அவள் பேசியது இன்னும் காதில் இருந்தது.

"திறக்கல சார். 'உங்கள் இணைப்பு தனிப்பட்டதல்ல'ன்னு படிக்குது. உங்க விவரத்த யாரோ திருடப் பாக்குறாங்கன்னு படிக்குது. அதுக்கு மேல போக விடமாட்டேங்குது."

"எனக்குத் திறக்குதும்மா."

"உங்களுக்குத் திறக்கும் சார், உங்க வீடு. எங்களுக்குத் திறக்கணும்ல."

அவளே தொடர்ந்தாள். "ஞாயித்துக்கிழமை பரீட்சை சார். தேனிக்காரர் ஒருத்தர் எல்லாப் பாடத்தையும் கம்ப்யூட்டர் குரல்ல மாத்தி வச்சிருக்காரு. அஞ்சு மணி வரைக்கும் பாக்கலாம், இல்லன்னா அதுக்குப் போயிருவோம்னு குரூப்ல பேசியாச்சு. போனா அப்புறம் யாரும் திரும்பி வரமாட்டாங்க. உங்ககிட்ட மறைக்கக் கூடாதுன்னு சொல்றேன்."

திரும்பி வரமாட்டார்கள். அதை அவள் குறையாகச் சொல்லவில்லை, பஸ் இத்தனை மணிக்கு என்று சொல்வதுபோலச் சொன்னாள். பரீட்சைக்குப் படிக்கிறவர்கள் எது கிடைக்கிறதோ அதைப் பிடித்துக்கொள்ளத்தான் வேண்டும், அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. கம்ப்யூட்டர் குரல் இருமாது, தண்ணீர் குடிக்காது, நிறுத்தாமல் படிக்கும். அப்படி அவர்கள் போய்விட்டால் பாடங்கள் எங்கும் போகாது, எங்கோ ஒரு ஊரில், பேர் தெரியாத கட்டடத்தில், வாடகைக்கு எடுத்த சர்வரில் நூற்றுத் தொண்ணூற்றெட்டும் இருக்கும், அவருக்குத் திறந்துகொண்டு, அவருக்கு மட்டும் திறந்துகொண்டு. இந்த எண்ணம் வந்ததும் அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். பக்கத்து வீட்டில் மாவரைக்கிற கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. அது இரண்டு மணிக்குத் தொடங்கும், நாலரைக்கு நிற்கும், அவர் வீட்டில் அவரைத் தவிர நேரம் அறிந்த ஒரே சத்தம் அது. முதலில் எரிச்சலாக இருந்தது, பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓடாதபோது என்னமோ ஆகிவிட்டது என்று ஜன்னல் வரைக்கும் போய் நின்றார். யாரிடம் கேட்பது. பிரேமா இருந்தால் கேட்டிருப்பாள், கேட்டு, அந்த வீட்டுப் பிள்ளைகளின் பேரும் வகுப்பும் தெரிந்துகொண்டு, ஒரு கிண்ணத்தில் எதையாவது வாங்கிக்கொண்டும் வந்திருப்பாள். சர்வரைப் பார். கிரைண்டரை விடு. சர்வரைப் பார்.

இந்தச் சர்வரை அவர் தேடிப்போகவில்லை, அது வந்து சேர்ந்தது. பிரேமா இறந்துபோன இருபதாம் நாள், அவளிடம் படித்து ஹாலந்தில் வேலை பார்க்கிற ஒருவன் கடிதம் எழுதினான், டீச்சருக்காக இதுவரை நான் பார்த்துக்கொண்டேன், இனி என்னால் முடியுமா தெரியவில்லை, கடவுச்சொற்கள் கீழே, நல்ல ஆளாகப் பார்த்துக் கொடுங்கள் என்று. நல்ல ஆள் யார். மச்சினனிடம் போனில் "சர்வரை நானே பாத்துக்கலாம்னு இருக்கேன்" என்றபோது அவன் எந்த ஓட்டல்ல அத்தான் என்று கேட்டுச் சிரித்தான், பிறகு அவன் பேசுவதும் குறைந்துபோனது. அறுபத்தெட்டு வயதில் ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கினார். இடப்பக்கம் கட்டளை, வலப்பக்கம் தமிழில் அது என்ன செய்யும் என்று. இதை அடித்தால் ஒன்றும் பேசாது, பேசாவிட்டால் நல்லது. இதை அடித்தால் சர்வர் ஒரு நிமிஷம் காணாமல் போகும், பயப்படாதே. அப்படி நோட்டில் முக்கால்வாசி நிறைந்தபோது அவருக்கு ஓரளவு பிடிபட்டது. பூட்டுக்கு ஒரு சான்றிதழ் வேண்டும். இது பிரேமாவதி டீச்சருடைய பக்கம்தான், நடுவில் வேறு ஒருவன் உட்கார்ந்துகொண்டு நான்தான் அது என்று ஏமாற்றவில்லை என்று வெளியில் ஒரு அமைப்பு கையெழுத்துப் போட்டுத் தரும். தொண்ணூறு நாள் செல்லும். முடிவதற்குள் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும்படி அந்தப் பையன் ஏற்பாடு செய்திருந்தான். இந்த முறை தானாக நடக்கவில்லை. நேற்று முன்தினம் அவரே கையால் புதுப்பித்தார், நோட்டைப் பார்க்காமலே, கொஞ்சம் கர்வத்தோடு. புதுப்பித்த கையோடு, சர்வர் எதை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று எழுதிவைத்திருக்கும் கோப்பைத் திறந்து கொஞ்சம் சுத்தமும் செய்தார். பக்கம் திறந்தது. பூட்டு வந்தது. அன்றைக்கு ராத்திரிச் சோற்றுக்கு அப்பளம் பொரித்துக்கொண்டார்.

தேதியைப் பார்த்தார். இன்னும் எண்பத்தெட்டு நாள் இருக்கிறது. பேரைப் பார்த்தார். பேர் சரி. சர்வரின் கடிகாரம் பின்தங்கியிருந்தால் சான்றிதழ் இன்னும் பிறக்கவில்லை என்று நினைத்துக்கொள்ளும் என்று நோட்டில் எழுதியிருந்தது, கடிகாரத்தைப் பார்த்தார், நொடி பிசகாமல் ஓடியது. பூட்டுள்ள பக்கங்கள் வந்துபோகிற நானூற்று நாற்பத்து மூன்றாம் வாசல் திறந்திருக்கிறதா, திறந்திருக்கிறது. தேதி சரி, பேர் சரி, கடிகாரம் சரி, வாசல் சரி. எண்ணி முடித்ததும் மறுபடி தேதியிலிருந்து தொடங்கினார். ஆஸ்பத்திரியிலும் இப்படித்தான் இருந்தது, ரத்தம் சரி, சர்க்கரை சரி, படம் சரி, எல்லாத் தாளும் சரி, படுத்திருந்தவள் மட்டும் என்னமோ மாதிரி இருக்குங்க என்றாள். தாள்களைக் கோப்பில் அடுக்கி வைத்துக்கொண்டு அவர்தான் அவளிடம் சொன்னார், எல்லாம் சரியாத்தான இருக்கு என்று. அதைச் சொல்லியிருக்க வேண்டாம். சொல்லாமல் என்ன செய்திருக்கலாம் என்று கேட்டால் தெரியாது, ஆனால் அதைச் சொல்லியிருக்க வேண்டாம். எனக்குத் திறக்குதும்மா. அதே குரல், அதே தாள் அடுக்குகிற குரல். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மூக்குத்தண்டில் வேர்வை வழுக்கியது.

பூட்டே வேண்டாம், இன்று ஒரு நாள் பூட்டில்லாமல் திறந்த வழியில் விட்டுவிட்டால் என்ன. கை கோப்பு வரைக்கும் போய்விட்டது, அப்போதுதான் நினைவு வந்தது. போன வருஷம் அவரே ஒரு வரி சேர்த்திருந்தார். வருகிற ஒவ்வொரு போனிடமும் சர்வர் சொல்லும், இனி ஒரு வருஷத்துக்கு இந்தப் பக்கத்துக்குப் பூட்டுள்ள வழியில் மட்டும் வா, பூட்டில் சந்தேகம் என்றால் உள்ளே வராதே, ஆள் சொன்னாலும் கேட்காதே. போன்கள் அதை மறக்கா. இப்போது போய் அந்த வரியை அழித்தாலும் அவை மறக்கா, ஏற்கெனவே கேட்டுவிட்டன. மேலே போக விடமாட்டேன் என்கிறது என்று அவள் சொன்னது இதைத்தான். அடைத்தது அவர். அன்றைக்கு அந்த வரியை எழுதிவிட்டு நோட்டில் சிவப்பு மையால் அடிக்கோடு போட்டார், இனிமேல் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்று.

ஒட்டுக்கேட்பதைப் பற்றி அவருக்குத் தெரியும். முப்பத்தொரு வருஷம் தொலைபேசிக் கேபிள் வேலை. கம்பத்துப் பெட்டியைத் திறந்து, சோதனைப் போனின் இரண்டு கவ்விகளை எந்த ஜோடிக் கம்பியில் மாட்டினாலும் அந்த வீடு பேசுவது கேட்கும். யாரும் யாரிடமிருந்தும் மறைந்தவர்கள் இல்லை என்பது ஊரில் அவருக்கும் இன்னும் ஏழெட்டுப் பேருக்கும்தான் தெரிந்திருந்தது. ஒரு பெண் வயிற்றில் குழந்தை தங்கியிருப்பதை அந்தக் குழந்தையின் தாத்தாவுக்கு முன்னால் அவர் கேட்டிருக்கிறார். ஒருவன் எதிர்முனையில் யாருமே இல்லாத லைனில் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டிருக்கிறார். சத்தம் இருக்கிறது என்று தெரிந்தவுடன் கவ்வியை எடுத்துவிட வேண்டும், அதுதான் மரியாதை, எடுத்தும் விடுவார். ஒரே ஒரு தடவை எடுக்கவில்லை. பிரேமா வேலை பார்த்த பள்ளிக்கூடத்துச் சுவரோரம் ஒரு பெட்டி, மழை விட்ட மறுநாள், மாட்டியவுடன் ஒரு சிரிப்பு. யாரோ ஒரு பெண் என்று நினைத்தார். பிரேமா. லீவில் இருந்த இன்னொரு டீச்சரிடம் ஹெட்மாஸ்டரைப் போலப் பேசிக் காட்டிக்கொண்டிருந்தாள், "நான் சொல்றது என்னன்னு கேட்டா, என்ன சொல்றேன்னா" என்று இழுத்து, பிறகு தானே தாங்க முடியாமல் வெடித்து, மூச்சு வாங்கி, மறுபடி. கல்யாணம் ஆகி எட்டு வருஷம், அந்தச் சிரிப்பை அவர் கேட்டதில்லை. ஒரு நிமிஷம் இருக்கும். இல்லை, அவ்வளவு இருக்காது. சில நாள் நினைக்கையில் அரை நிமிஷமாகிறது, சில நாள் மழை மறுபடி பிடித்துக்கொள்கிற அளவுக்கு நீள்கிறது. அன்று சாயங்காலம் தோசைக்கல்லைத் துடைத்தபடி என்ன அப்படிப் பாக்குறீங்க என்றாள். ஒண்ணுமில்ல என்றார். வீட்டில் அவளுக்கு ஒரு குரல், வெளியாருக்கு ஒரு குரல், அது எல்லோருக்கும் உள்ளதுதான். ஆனால் அதற்குப் பிறகு அவள் மற்றவர்களுக்குப் பேசுகிற எதற்கும் காது கொடுக்க அவருக்குக் கூச்சமாகிவிட்டது. ஓய்வுபெற்ற பிறகு ஏழு வருஷம் அவள் அந்தப் பிள்ளைகளுக்காகப் படித்துப் பதிவு செய்தாள். அது அவர்களுக்குப் பேசியது. முக்கோணத்தைத் தொட்டால் கவ்வியை மாட்டியதுபோல ஆகிவிடும்.

மூன்று பத்து. சர்வரின் பதிவேட்டை ஓடவிட்டுப் பார்த்தார், வழக்கமாக அது பெரிய தவறுகளை மட்டும் எழுதும், இப்போது சின்னச் சின்னதையும் எழுது என்று சொல்லிவிட்டுக் காத்திருந்தார். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு ஒரு வரி வந்தது. பூட்டுப் போடுவதற்கு முன் இரண்டு பக்கமும் பேசி ஒத்துக்கொள்வதைக் கைகுலுக்கல் என்கிறார்கள், அந்தக் கைகுலுக்கல் பாதியில் முறிந்தது என்றது வரி. முறித்தது யார், சர்வர் இல்லை, எதிர்முனை. காரணமும் இருந்தது, கையெழுத்துப் போட்டவரை எனக்குத் தெரியவில்லை. அவர் அதை நோட்டில் எழுதிக்கொண்டார். இன்னொரு வரி, வேறு ஊர் எண். கையெழுத்துப் போட்டவரைத் தெரியவில்லை. இன்னொன்று. யாரோ ஒரு ஆண், யாரோ ஒரு பெண், போனைக் காதருகே பிடித்துக்கொண்டு அந்தத் திருடன் எச்சரிக்கையைக் கேட்டுவிட்டு, ஒருவேளை இப்போது திறக்கும் என்று மறுபடி தொட்டுப் பார்க்கிறார்கள். ஒவ்வொரு வரியும் ஒரு விரல். இதோ ஒரே எண் நாலு தடவை. இவர் கோபக்காரராக இருக்க வேண்டும், அல்லது தேர்வில் இரண்டு தடவை தோற்றவராக. நடுநடுவே உள்ளே வந்துவிட்டவர்களின் வரிகளும் இருந்தன, பார்த்தால் அவர்கள் கம்ப்யூட்டரில் வந்தவர்கள். கம்ப்யூட்டருக்குத் திறக்கிறது, போனுக்குத் திறக்கவில்லை. அருணகிரியிடம் இருப்பது பொத்தான் போன், அதில் இந்தப் பக்கம் திறக்காது. கையெழுத்துப் போட்டவரை இந்தக் கம்ப்யூட்டருக்குத் தெரிகிறது, அந்தப் போன்களுக்குத் தெரியவில்லை, அதே கையெழுத்துதானே, எப்படி ஒருவருக்குத் தெரியும் ஒருவருக்குத் தெரியாது. நோட்டில் அதைப் பற்றி எதுவும் இல்லை. ஒரு பக்கம் பின்னால் புரட்டினார், இரண்டு பக்கம் முன்னால் புரட்டினார். வரிகள் வந்துகொண்டே இருந்தன.

கேபிளில் இதற்கு ஒரு வழி உண்டு. குழிக்குள் இவர், ஒரு கிலோமீட்டர் தள்ளி இன்னொரு குழிக்குள் கூட வேலை பார்த்த காசிமணி. லைனைச் சேர்த்ததும் இவர் இந்தப் பக்கம் கேட்பார், டயல் சத்தம் இருந்தால் சரி என்று மூடப் போவார். காசிமணி விடமாட்டான். "அண்ணே, உங்க பக்கம் கேட்டா உங்களுக்குச் சந்தோசம். என் பக்கம் கேக்குதான்னு ஒரு வார்த்தை கேளுங்க, அதுக்குத்தான அரசாங்கம் என்னை இந்தப் பொந்துல உக்கார வச்சிருக்கு." ஒரு முனையில் பார்த்து லைனை மூடுகிறவனைக் கேபிள்காரன் என்று யாரும் சொல்லமாட்டார்கள். இரண்டு நாளாக அவர் ஒரு முனையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். எதிர்முனை வேண்டும். இதுவரைக்கும் இந்தப் பக்கத்துக்கு வராத, பிரேமாவதி யாரென்றே தெரியாத ஒரு போன் வேண்டும். யாருடைய போன். மச்சினன் மதுரையில். பழைய ஆட்களில் பாதிப் பேர் இல்லை. கடைத்தெருவுக்குப் போனால் போகவர முக்கால் மணி. கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. அவர் எழுந்து சட்டை போட்டுக்கொண்டார், ஒரு பொத்தானை இடம் மாற்றிப் போட்டு, கழற்றி, மறுபடி போட்டார். வாசல் வரைக்கும் வந்து செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். பதினோரு அடி இருக்கும் அந்த வீட்டுக்கு. போய் என்ன சொல்வது, போனைக் கொடுங்கள் என்றா.

கதவைத் திறந்த பெண்ணுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும், முழங்கை வரைக்கும் மாவு. அவர் முகத்தையும் அவர் வீட்டுக் கதவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நான் பக்கத்து வீடு. டீச்சர் வீட்டுக்காரர்" என்றார்.

"எந்த டீச்சர் அங்கிள்?"

இந்தத் தெருவில், இந்த ஊரில், ரேஷன் கடையில், பேங்கில், எங்கேயும் அதற்கு மேல் சொல்ல வேண்டியிருந்ததில்லை. இவர்கள் குடிவந்தது போன வருஷம், பிரேமாவை எப்படித் தெரியும். "என் பேர் அருணகிரி" என்றார், சொல்லும்போது வேறு யாருடைய பேரையோ சொல்வதுபோல இருந்தது. விஷயத்தைச் சொன்னார். சொல்லச் சொல்ல அதுவே நம்ப முடியாததாகப் போனது.

"உங்க போன்ல ஒரு பக்கம் திறந்து பாக்கணும். அஞ்சு நிமிசம்."

"ஓடிபி கீடிபி கேப்பீங்களா?"

"அதெல்லாம் இல்லம்மா."

"தப்பா நினைக்காதீங்க அங்கிள், ஒரு வருசமா வணக்கம் கூடச் சொல்லாத மனுசன் திடீர்னு வந்து போனக் குடுன்னா பயமா இருக்காதா. எங்க வீட்டுக்காரரு கேட்டாலே நான் குடுக்கிறதில்ல." கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "சரி, வாங்க, நானே கொண்டுவர்றேன். கையில குடுக்கமாட்டேன், பக்கத்துல நின்னுக்கிறேன்." உள்ளே திரும்பிக் கிரைண்டரை அணைத்தாள். "மாவு பொங்கிடும், சீக்கிரம் முடிச்சிரணும்."

அவள் பேர் ஹேமலதா என்று கம்ப்யூட்டர் வரைக்கும் நடக்கிற நேரத்திலேயே தெரிந்தது, ஊர் பழனிப் பக்கம் என்பதும், புருஷன் லோடு வண்டி ஓட்டுகிறான் என்பதும். வீட்டுக்குள் வேறு ஒருவர் மூச்சு விடுவது அவருக்கு விநோதமாக இருந்தது. முகவரியை அவர் எழுத்தெழுத்தாகச் சொன்னார், அவள் தட்டினாள். வந்தது. சிவப்பு முக்கோணம், எச்சரிக்கை. பார்த்தீங்களா திருடன்னு சொல்லுது என்று அவள் போனைத் தள்ளிப் பிடித்தாள். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார். இதுதான் எதிர்முனை. இரண்டு நாளாக அவர்கள் எல்லோரும் கேட்டது இது, இப்போதுதான் அவர் பார்க்கிறார். கொஞ்சம் கீழே தள்ளச் சொன்னார், விவரத்தைத் தொடச் சொன்னார். அதே காரணம் ஆங்கிலத்தில் இருந்தது, அதற்கும் கீழே சர்வர் கொடுத்த சான்றிதழைக் காட்டியது. ஒன்றுதான் இருந்தது. பக்கத்தின் பேர் போட்ட ஒன்று. அதில் கையெழுத்து வேறு ஒரு பேரில். அந்தப் பேரை எங்கோ பார்த்திருக்கிறார். நேற்று முன்தினம் பார்த்தார். பார்த்துவிட்டு எடுத்து எறிந்தார்.

அன்றைக்குச் செய்த சுத்தம். கோப்பில் இரண்டு சான்றிதழ் அடுத்தடுத்து இருந்தன. முதலாவது நம்முடையது, திறந்து பார்த்தால் நம் பேர் இருந்தது. இரண்டாவதில் யாரோ வெளிநாட்டுப் பேர், நமக்குச் சம்பந்தமில்லாதது. பெட்டிக்குள் செத்த ஜோடிக் கம்பி தொங்கிக்கொண்டிருந்தால் நறுக்கிச் சுருட்டிவிடுவது முப்பத்தொரு வருஷக் கை. அந்தப் பையன் மறந்து விட்டுப்போன மிச்சம் என்று நினைத்தார், அதே இடத்தில் நம்முடையது மட்டும் தனியாக இருந்த கோப்பைக் காட்டி, இதை எடுத்துக்கொள் என்று சர்வருக்குச் சொல்லிவிட்டார். மிச்சமில்லை அது, அந்தப் பேரை இங்கே கையெழுத்தாகப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. உலகத்துப் போன்களுக்குத் தெரிந்தது சில பெரிய பேர்கள்தான், அந்தப் பெரியவர் நேராக வந்து நமக்குக் கையெழுத்துப் போடமாட்டார், நடுவில் ஒருவருக்கு அதிகாரம் கொடுப்பார், அந்த நடு ஆள் நமக்குப் போடுவார். நம்முடையதோடு நடு ஆளுடையதையும் சேர்த்துக் காட்டினால்தான் அந்நியன் நம்புவான். இந்தக் கம்ப்யூட்டருக்கு ஏன் தெரிந்தது என்றால் அது அந்த நடு ஆளை வேறு எப்போதோ பார்த்து நினைவில் வைத்திருந்தது, இல்லாத இடத்தை அதுவே நிரப்பிக்கொண்டது. பழகிய வீட்டில் விளக்கில்லாமல் நடக்கிற மாதிரி.

"என்ன அங்கிள், அப்படியே நின்னுட்டீங்க."

"ஒண்ணுமில்ல. ஒரு வார்த்தைய மாத்தணும்."

உட்கார்ந்தார். கோப்பைத் திறந்து, ஒற்றைச் சான்றிதழின் பேரை அழித்து, நடு ஆளுடையதும் சேர்ந்த முழுச் சங்கிலியின் பேரை எழுதினார். ஒரு எழுத்தை விட்டுவிட்டு மறுபடி எழுதினார். சரியாக எழுதியிருக்கிறதா என்று சர்வரையே சோதிக்கச் சொன்னார், சரி என்றது. மறுபடி படித்துக்கொள் என்று கட்டளை கொடுத்தார். ஒன்றும் பேசவில்லை. பேசாவிட்டால் நல்லது. நாலு ஐந்து. "இப்ப திறந்து பாருங்கம்மா."

ஹேமலதா தட்டினாள். வந்துவிட்டது. வெள்ளைப் பக்கம், வரிசை வரிசையாகப் பாடங்கள், இந்திய வரலாறு, தமிழக வரலாறு. "அட, நிஜமாவே ஏதோ படிப்பு விசயம்தான்" என்றாள், "நான் கூட ஏதோன்னு நினைச்சேன்." அவளுடைய கட்டைவிரல் முதல் பாடத்தின் முக்கோணத்துக்கு மேலே போய் நின்றது.

"அது வேணாம்மா."

"ஏன், காசு பிடிக்குமா?"

"இல்ல. அது படிக்கிற பிள்ளைகளுக்கு."

அவள் அவரைப் பார்த்தாள், பிறகு அறையைப் பார்த்தாள், ஒற்றைத் தட்டு கவிழ்த்திருந்த மேசையைப் பார்த்தாள். போனைச் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டாள். "மாவு வேணும்னா சொல்லுங்க அங்கிள், இட்லிக்கு ஒரு பாக்கெட் தர்றேன்" என்று நடந்துகொண்டே சொன்னாள். அவர் ஆகட்டும் என்றாரா, சொல்லவில்லையா என்று பிறகு யோசித்தபோது நினைவில்லை. கிரைண்டர் மறுபடி ஓடத் தொடங்கியது. பதிவேட்டில் முறிந்த வரிகள் நின்றுவிட்டிருந்தன. அந்தக் கோபக்கார எண் ஒரு தடவை வந்து, உள்ளே போய், ஒரு பாடத்தை எடுத்துக்கொண்டது. இன்னொரு எண். இன்னொன்று, அரசியலமைப்பு. யார் சொல்லி வருகிறார்கள், இன்னும் ஜெனிட்டாவுக்கே சொல்லவில்லையே. விடாமல் தட்டிக்கொண்டிருந்தவர்கள். அவர் அந்த வரிகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார், மழை எத்தனை துளி என்று எண்ணுகிறவனைப்போல, எண்ணிக்கை தப்பி, மறுபடி எண்ணி. எத்தனை பேர் வந்தாலும் அவர்களுக்கு வேண்டியது பிரேமா, இவர் பெட்டிக்கு வெளியே நிற்கிறவர். அதில் குறையொன்றுமில்லை. கம்பி சேர்க்கிறவனுக்கும் அதில் போகிற பேச்சுக்கும் என்ன. ஆனாலும் வேலை முடிந்த கை சும்மா கிடப்பது கனமாக இருந்தது. இனி எண்பத்தெட்டு நாளைக்கு யாரும் கூப்பிடமாட்டார்கள்.

நாலே கால் மணிக்கு ஜெனிட்டா கூப்பிட்டாள்.

"திறந்துருச்சு சார். குரூப்ல சொல்லிட்டேன். தேனிக்காரருக்குத்தான் மூஞ்சி தொங்கிப்போச்சு, ரெண்டு நாளு தூங்காம மாத்துனாராம்."

"என் தப்புதாம்மா. தேவையில்லன்னு ஒண்ண எடுத்துட்டேன்."

"அது இருக்கட்டும் சார். ஒண்ணு கேக்கலாமா, தப்பா எடுத்துக்கக் கூடாது."

"கேளும்மா."

"அரசியலமைப்பு இருபத்திரெண்டாவது பாடத்துல, மேடம் ஆளுநர் அதிகாரம் படிச்சிட்டிருக்கும்போது நடுவுல நிறுத்தி, 'ஏங்க, அந்த ஃபேன நிறுத்துங்க, காத்து மைக்குல அடிக்குது'ம்பாங்க. ஒருத்தர் 'சரி'ம்பாரு. அது நீங்களா?"

அது எந்த நாள், எந்த மத்தியானம். எத்தனையோ தடவை நிறுத்தியிருக்கிறார், எழுந்து, சுவிட்சைத் தட்டிவிட்டு, வந்து அதே இடத்தில் உட்கார்ந்து, பேப்பரைப் புரட்டாமல் வைத்துக்கொண்டு. அதையெல்லாம் அவள் வெட்டிவிட்டுத்தான் ஏற்றியிருப்பாள் என்று நினைத்திருந்தார். நினைத்ததுகூட இல்லை, அப்படி ஒன்று அதற்குள் விழுந்திருக்கும் என்றே தோன்றியதில்லை.

"நானாத்தான் இருக்கும்" என்றார்.

அந்தப் பக்கம் சிரிப்பு வந்தது. "நினைச்சேன் சார். முதல் நாள் போன்ல பேசும்போதே குரல்ல சந்தேகம், கேக்கத்தான் கூச்சமா இருந்துச்சு. எங்க குரூப்ல உங்களுக்கு ஃபேன் சார்னு பேரு. யாராவது எதுத்துப் பேசாம ஒத்துக்கிட்டா, 'என்னடா, ஃபேன் சார் மாதிரி சரின்னுட்ட'ம்போம். அந்த எடம் எல்லாருக்கும் மனப்பாடம்."

அவர் போனை இன்னொரு காதுக்கு மாற்றினார். பிறகு மறுபடி பழைய காதுக்கே கொண்டுவந்தார்.

"சார், இருக்கீங்களா?"

"இருக்கேன். அதுக்கப்புறம் அவங்க என்ன சொல்வாங்க?"

"அதுக்கப்புறமா?" ஜெனிட்டா கொஞ்சம் யோசித்தாள், காதுக்குள்ளேயே அதை ஓடவிட்டுப் பார்ப்பவள்போல. "ஒண்ணும் சொல்லமாட்டாங்க சார். ஃபேன் நிக்கிற சத்தம் கேக்கும், டக் டக்னு மெதுவா. நீங்க வந்து உக்கார்றது கேக்கும். அது வரைக்கும் காத்திருப்பாங்க. அப்புறம் பாடந்தான்."